ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்க்கப் போகிறார்களாம். கிராம சபையில் என்ன கேட்பது?

காட்பாடி வடக்கு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். காட்பாடியைத் தாண்டி சித்தூர் சாலையிலிருந்து உள்ளே பிரிந்து போகும் ஓர் ஊராட்சியில் இருக்கிறேன். எங்கள் ஊரை வேலூர் மாநகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று டீக்கடையில் ஆரம்பித்த பேச்சு இப்போது ஊர் முழுக்க ஓடுகிறது. அரசாணை எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் அடுத்த கிராம சபையில் இது வரத்தான் போகிறது. அதற்குள் கொஞ்சம் விவரம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊர் இரண்டு பக்கமாக நிற்கிறது. பழைய ஊர்க்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும், தண்ணீர் வரவில்லை என்றால் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கிற உரிமை போய்விடும் என்பது அவர்கள் பயம். மனை வாங்கி வீடு கட்டி வந்தவர்கள் சேர வேண்டும் என்கிறார்கள். இவர்களில் பாதிப்பேர் சிஎம்சி மருத்துவமனையிலோ விஐடி பல்கலைக்கழகத்திலோ வேலை பார்ப்பவர்கள். எங்கள் வீட்டிலேயே அம்மா ஒரு கட்சி, என் மனைவி ஒரு கட்சி.

எனக்கு வரியைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. எங்கள் தெருவைப் பற்றித்தான் கவலை. முப்பது அடி ரோடு. நேராகப் போய் ஒரு சுவரில் முட்டி நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் வேறொரு லேஅவுட், அங்கேயும் ஒரு ரோடு வந்து அதே சுவரில் முட்டுகிறது. அந்தப் பக்கத்து வீட்டில் சமைக்கிற வாசனை எங்களுக்கு வரும். ஆனால் அங்கே போக வேண்டும் என்றால் மெயின் ரோட்டுக்கு வந்து சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். போன மழையில் எங்கள் பக்கம் தண்ணீர் நின்றபோது ஒரு பிரசவ வலிக்கு வந்த ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல், சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, நாற்காலியில் உட்கார வைத்து சுவர் மேல் தூக்கிக் கொடுத்தோம்.

கால்வாயும் இதே கதைதான். ரோட்டின் இரண்டு பக்கமும் சிமெண்டுக் கால்வாய் போட்டார்கள். அது தெருமுனையில் ஒருவருடைய பட்டா நிலத்தில் போய் முடிகிறது. எவ்வளவு நாள் பொறுப்பார்? மண்ணைக் கொட்டி அடைத்துவிட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது கழிவுநீர் திரும்பி எங்கள் வாசலுக்கே வருகிறது.

மனை விற்றவர் டிடிசிபி, அதாவது நகர ஊரமைப்புத் துறை, கொடுத்த அப்ரூவல் நகலைக் காட்டுகிறார். எல்லாம் முறைப்படி இருக்கிறது. ஊராட்சியில் கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள்.

மாநகராட்சியில் சேர்ந்தால் இது சரியாகுமா? ஒரு நகரம் எந்தப் பக்கம் வளர வேண்டும், எங்கே ரோடு போக வேண்டும், தண்ணீர் எந்த வழியாக வடிய வேண்டும் என்று முடிவு செய்வது உண்மையில் யார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

________

சத்துவாச்சாரி மலர் எழுதியது:

சகோ, எங்கள் சத்துவாச்சாரி நகராட்சியாக இருந்து 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தது. தாராபடவேடும் அப்போதுதான் சேர்ந்தது. வேலூர் மாநகராட்சி ஆனது 2008 ஆகஸ்டில். எல்லை விரிந்தது மூன்று வருடம் கழித்துத்தான்.

நூறு நாள் வேலை பற்றி உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது சரி. அது கிராம ஊராட்சிக்கான திட்டம். ஊர் நகர்ப்புறமானால் அது நிற்கும். அதை நம்பி அடுப்பு எரிகிற வீடுகள் எத்தனை என்று கணக்கெடுத்துக்கொண்டு பேசுங்கள். மனை வாங்கி வந்தவர்கள் அதைச் சாதாரணமாகப் பேசிவிடக் கூடாது. சொத்து வரியும் கூடும். 2022-ல் மாநிலம் முழுக்க மாநகராட்சி, நகராட்சிகளில் அதை உயர்த்தினார்கள்.

இன்னொன்றும் போகும். கிராம சபை. இப்போது தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு தடவை அது நடக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம், தீர்மானம் எழுத வைக்கலாம். நகரத்தில் அதற்குப் பதிலாக வார்டு குழு, பகுதி சபை என்று 2022-ல் விதி கொண்டுவந்தார்கள். ஆனால் மாநகராட்சி மொத்தத்துக்கும் 60 வார்டு. உங்கள் ஊர் ஒரு வார்டில் பாதியாகக்கூட ஆகலாம். அதனால் கேட்க வேண்டியதை எல்லாம் கிராம சபை கையில் இருக்கும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

________

பழைய சர்வேயர் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஊரை நிர்வாகம் செய்வது யார் என்பது ஒன்று. ஊர் எப்படி வளர வேண்டும் என்று வரைபடத்தில் கோடு போடுவது யார் என்பது இன்னொன்று. மாநகராட்சியில் சேர்ந்தால் முதலாவது மாறும். இரண்டாவது தானாக மாறாது. உங்கள் சுவரும் கால்வாயும் இரண்டாவதைச் சேர்ந்தவை.

நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்தபோது வேலைக்குச் சேர்ந்தேன். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஒவ்வொரு முறையும் எந்த ஆபீஸ் வாசலில் நிற்பது என்பதுதான் மாறியது. எஃப்எம்பி தாளில், அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணுக்குமான நில அளவை வரைபடத்தில், இருக்கிற ஓடை அப்படியேதான் இருந்தது.

யார் வரைவது என்று கேட்டீர்கள். 1971-ம் வருடத்து நகர ஊரமைப்புச் சட்டத்தின்படி, ஒரு நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்துத் திட்டப் பகுதி என்று அறிவிப்பார்கள். அதற்கு ஓர் உள்ளூர் திட்டக் குழுமம் இருக்கும். அதுதான் மாஸ்டர் பிளான் தயாரிக்க வேண்டும். எது குடியிருப்பு, எது தொழில், எது விவசாயம், பெரிய சாலைகள் எங்கே என்பதெல்லாம் அதில் வரும். அதற்கும் கீழே விரிவான வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று உண்டு. ஒரு சின்னப் பகுதியை எடுத்து, சர்வே எண் வாரியாக, எந்தத் தெரு எத்தனை அடி, எதோடு போய்ச் சேருகிறது என்று வரைவது அது. உங்கள் தெருவைக் காப்பாற்றியிருக்கக் கூடியது இந்த இரண்டாவதுதான். நம் ஊர்ப் பக்கம் மாஸ்டர் பிளானைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

திட்டப் பகுதியின் எல்லையும் மாநகராட்சியின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சென்னையைப் பாருங்கள். 2011 வரை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் சிஎம்டிஏ என்கிற சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே 1,189 சதுர கிலோமீட்டருக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தது. முதல் மாஸ்டர் பிளான் 1970-களில், இரண்டாவது 2008-ல். 2011-ல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து மாநகராட்சி 426 ஆனது. 2022-ல் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தபோது அது நம் அரக்கோணம் பக்கம் வரை வந்துவிட்டது. ஒரு காலத்து வட ஆற்காட்டு மண், இன்றைக்கு ராணிப்பேட்டை மாவட்டம், அதன் திட்டம் வரையப்படுவது சென்னையில். அங்கே இருக்கிறவர்கள் வீட்டு வரியை முன்போலத் தங்கள் உள்ளாட்சியில்தான் கட்டுகிறார்கள்.

1992-ல் 74-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. உள்ளாட்சிகளுக்குத் தரலாம் என்று 18 பொறுப்புகளை 12-வது அட்டவணையில் எழுதினார்கள். அதில் முதல் வரியே நகரமைப்புதான். எழுதி இத்தனை வருடம் ஆகியும் கோடு போடுகிற அதிகாரம் மாநில அரசின் துறையிடமும் குழுமத்திடமுமே இருக்கிறது. அந்தக் கோட்டின் மேல் ரோடு போட்டு, விளக்கு வைத்து, கால்வாய் தூர் வாரி, திட்டு வாங்க வேண்டியது உள்ளாட்சி. எனக்கு இதில் வருத்தம் உண்டு. வரைகிறவருக்குச் செலவுப் பொறுப்பு இல்லை, செலவு செய்கிறவரை வரையும்போது யாரும் கேட்பதில்லை.

இனி உங்கள் சுவருக்கு வருகிறேன். நம் ஊரில் நகரம் வளர்வது லேஅவுட் லேஅவுட்டாகத்தான். ஒருவர் மூன்று ஏக்கர் வாங்குகிறார், அதற்குள் ரோடு, பூங்கா, மனை எல்லாம் விதிப்படி வரைந்து அனுமதி வாங்குகிறார். பக்கத்து ஐந்து ஏக்கருக்கு இன்னொருவர் இரண்டு வருடம் கழித்து அதையே செய்கிறார். இரண்டும் அவரவர் எல்லைக்குள் சரி. இரண்டுக்கும் நடுவில் எது எதோடு சேர வேண்டும் என்று முன்கூட்டியே யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. கூடம் இல்லாமல் அறைகளை மட்டும் கட்டிக்கொண்டே போன வீடு மாதிரி ஊர் ஆகிவிடுகிறது.

நான் கையால் அளந்த ஓர் இடத்தைச் சொல்கிறேன். ஊர் வேண்டாம். ஏரி நிரம்பி வழிகிற கலங்கலிலிருந்து கீழ் ஏரிக்குப் போகிற ஓடை, எஃப்எம்பியில் ஆறு மீட்டர் அகலம், எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கிற அ-பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்று தெளிவாக இருக்கிறது. தரையில் சங்கிலி பிடித்துப் போனோம். முதல் லேஅவுட்டில் ஆறு மீட்டரும் இருந்தது, ஆனால் அதன் மேல் தார் ரோடு. அந்த லேஅவுட்டுக்கு அதுதான் நுழைவு வழி. இரண்டாவதில் அதுவே மூன்றடி அகலக் கான்கிரீட் கால்வாய், மேலே சிலாப் மூடி. மூன்றாவதில் காம்பவுண்டு சுவர், சுவரின் அடியில் ஆறு அங்குல பிவிசி குழாய் ஒன்று. ஒரு ஏரியின் உபரி நீர் முழுக்க அந்தக் குழாய்க்குள் போக வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். சர்வே கல் ஒன்று ஒரு வீட்டு வாசலில் துணி துவைக்கிற கல்லாகக் கிடந்தது. அதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டேன். எங்களுக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் வெயிலில் நடந்து நட்ட கல் அது.

வறண்ட வருடங்களில் இதெல்லாம் தெரியாது. பாலாற்றில் வெறும் மணலையே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் 2021 நவம்பரில்தான் அது ஆறு என்று பார்த்தார்கள். ஏரிகள் நிரம்பி, உபரி நீர் பழைய வழியைத் தேடி வந்தது. வழியில் வீடு இருந்தது.

வேலூரில் இது இன்று நேற்று நடந்ததல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கில் பழைய நகர எல்லைக்குள் இருந்தவர்கள் ஏறக்குறைய 1.86 லட்சம். சுற்றுப்புறத்தையும் சேர்த்த நகர்ப்புறத் தொகுதியில் சுமார் 4.8 லட்சம். அதாவது வேலூர்க்காரர்களில் பாதிக்கு மேல் அப்போதே கோட்டுக்கு வெளியேதான் வாழ்ந்தார்கள். எல்லை பின்னால் ஓடி வந்து அவர்களைச் சேர்த்துக்கொண்டது. இப்போது உங்கள் ஊர் முறை. எல்லை வந்து சேரும்போது வீடு, சுவர், கால்வாய் எல்லாம் ஏற்கெனவே அங்கே இருக்கும். அதற்கு முன்பே பொதுவழியையும் நீர்வழியையும் தரையில் கல் நட்டுக் குறித்து வைத்தார்களா என்பதுதான் என் கேள்வி. அதைச் செய்துவிட்டால் ஊராட்சியே நடத்தினாலும் ஊர் உருப்படும். செய்யாவிட்டால் மாநகராட்சியும் சுவரில் முட்டித்தான் நிற்கும்.

________

ஆயக்கட்டு விவசாயி எழுதியது:

சர்வேயர் ஐயா சொல்வதைப் படித்தேன். எங்கள் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் இல்லையா.

எனக்கு ஏரிப் பாசனத்தில் நிலம். மேலே ஏரிக்கு வரத்துக்கால் அடைபட்டு மதகில் தண்ணீர் வந்து வருடங்கள் ஆகின்றன. கிணற்றை நம்பி நிலக்கடலை போடுகிறேன். நாலு பக்கமும் மனை வந்துவிட்டது. கூலிக்கு ஆள் இல்லை, மாடு மேய இடம் இல்லை, பக்கத்து லேஅவுட் கழிவுநீர் என் வரப்பில் நிற்கிறது. இந்த நிலையில் ஒருவர் வந்து வரைபடத்தில் என் நிலத்துக்குப் பச்சை வண்ணம் அடித்து, இது விவசாய மண்டலம், மனை போடக் கூடாது என்றால் எப்படி? பக்கத்து நிலத்துக்காரர் மகளுக்குக் கல்யாணம் செய்துவிட்டார், மகனை வெளிநாடு அனுப்பிவிட்டார். எனக்கு மட்டும் ஊருக்காக நிலத்தைக் காப்பாற்று என்று சொன்னால் நியாயமா? ரோட்டுக்கு என்று என் நடு நிலத்தில் கோடு போட்டு வைத்துப் பத்து வருடம் எடுக்கவும் மாட்டார்கள், விற்கவும் முடியாது. அதை யார் கேட்பது?

தம்பியின் தெரு முனையில் மண்ணைக் கொட்டி அடைத்த ஆள் நான் இல்லை. ஆனால் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

________

காட்பாடி வடக்கு எழுதியது:

அண்ணா, நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். அந்த நிலத்துக்காரரிடம் பேச எனக்கே கூச்சமாக இருக்கிறது. எங்கள் சாக்கடையை அவர் தலையில் கட்டிவிட்டு அவரையே எப்படிக் கேட்பது?

சர்வேயர் ஐயா, இதற்கு வழி இருக்கிறதா? அப்புறம், பெங்களூரில் நிறைய கிராமங்களை மாநகராட்சியில் சேர்த்தார்களே, அங்கே எப்படிப் போயிற்று என்று யாருக்காவது தெரியுமா?

________

லால்பாக் பயணி எழுதியது:

நான் குடியாத்தம்காரன், பெங்களூரில் வேலை. அங்கே மாநகராட்சியில் சேர்த்த 110 கிராமங்களில் ஒன்றில்தான் வாடகைக்கு இருக்கிறேன், அதனால் சொல்ல முடியும்.

2007-ல் பழைய பெங்களூர் மாநகராட்சியோடு ஏழு நகராட்சிகள், ஒரு பேரூர், 110 கிராமங்கள் எல்லாவற்றையும் ஒரே அடியாகச் சேர்த்து பிபிஎம்பி என்கிற பெரிய மாநகராட்சி ஆக்கினார்கள். ஐடி கம்பெனிகளும் அபார்ட்மெண்டுகளும் அந்தப் பக்கமே எழுந்தன. ஆனால் அந்தக் கிராமங்களுக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுவரும் ஐந்தாம் கட்டத் திட்டம், நாளைக்கு 775 மில்லியன் லிட்டர், தொடங்கி வைக்கப்பட்டது 2024 அக்டோபரில். பதினேழு வருடம். அதுவரை போர்வெல்லும் லாரியும்தான். 2024 கோடையில் பெங்களூர் தண்ணீருக்குத் தவித்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதிகம் தவித்தது இந்த வெளிவட்டம்தான்.

மாஸ்டர் பிளான் கதை இன்னும் மோசம். 2031-க்கான திட்ட வரைவை வெளியிட்டார்கள், பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2015-க்கு என்று போட்ட திட்டத்தையே வைத்துக்கொண்டு நகரம் ஓடியது. ஒரே மாநகராட்சியால் சமாளிக்க முடியவில்லை என்று 2025 செப்டம்பரில் அதை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்து, மேலே கிரேட்டர் பெங்களூர் ஆணையம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். இது எப்படிப் போகும் என்று சொல்ல இன்னும் காலம் ஆகும்.

சேருவதா வேண்டாமா என்று மட்டும் கேட்காதீர்கள். சேர்ந்தால் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் எந்த வருடம், எந்த நிதியில் என்று எழுதிக் கேளுங்கள்.

________

பழைய சர்வேயர் எழுதியது:

பெங்களூரைப் பற்றிச் சொன்ன தம்பிக்கு நன்றி. விவசாயி தம்பி கேட்டதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். அது இந்தத் திரியின் மிக நியாயமான கேள்வி.

ஒருவர் நிலத்தில் விவசாயத்துக்குப் பச்சை, பக்கத்தவர் நிலத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், நடுவில் போகிற ரோடு மூன்றாமவர் தலையில் என்று வரைந்தால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொள்ளவும் கூடாது. அரசே எல்லா நிலத்தையும் எடுத்து நகரம் கட்டுவது டெல்லியில் டிடிஏ என்கிற வளர்ச்சி ஆணையம் செய்து பார்த்த வழி. எடுத்த நிலத்தில் வீடு வருவதற்குள் எடுக்காத நிலத்தில் அனுமதியில்லாத காலனிகள் நூற்றுக்கணக்கில் எழுந்துவிட்டன. குஜராத்தில் வேறு வழி. பம்பாய் மாகாணத்தின் 1915-ம் வருடச் சட்டத்திலிருந்து வந்து, 1976-ல் குஜராத்தின் சொந்தச் சட்டமாக ஆனது. அகமதாபாத் ஓரத்தில் ஒரு நூறு ஹெக்டேர் அளவுக்கு நிலங்களை மொத்தமாக ஒரே தாளில் போடுவார்கள். எல்லா நிலத்துக்காரரிடமிருந்தும் ஒரே விகிதத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு, அதில் ரோடு, பூங்கா, பள்ளிக்கூடம், ஏழைகளுக்கு வீட்டு இடம் எல்லாம் வரைவார்கள். மீதியை அவரவருக்கு முடிந்தவரை பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே, ரோட்டு முகப்போடு, சதுரமான மனையாகத் திருப்பிக் கொடுப்பார்கள். நிலம் குறையும், மதிப்பு கூடும். கூடிய மதிப்பில் ஒரு பகுதியை வசதிகளுக்கு வாங்கிக்கொள்வார்கள். 76 கிலோமீட்டர் சர்தார் படேல் ரிங் ரோட்டுக்கு நிலம் பெரும்பாலும் இப்படித்தான் கிடைத்தது. இந்த முறையில் ஒருவருடைய நிலத்தை மொத்தமாக எடுத்துக்கொள்வது நோக்கம் இல்லை.

ஒவ்வொரு திட்டமும் முடிய வருடக்கணக்கில் ஆகும், அது உண்மை. அளவையில் தப்பு இருந்தால் சண்டை வரும். ஆனாலும் எனக்கு இந்த வழியில் நம்பிக்கை இருக்கிறது. ஏனென்றால் சுமை எல்லார் மேலும் ஒரே அளவில் விழுகிறது. தமிழ்நாட்டுச் சட்டத்திலும் நிலத் தொகுப்புக்கு இப்போது இடம் இருக்கிறது. ஓடையும் ஏரி நீர்ப்பிடிப்பும் எந்தக் காலத்திலும் தொடக்கூடாதவை. அதில் பேரம் இல்லை. மீதியுள்ள உங்கள் பட்டா நிலத்தை, சுற்றியுள்ளவர்களோடு சேர்த்து இப்படித் தொகுத்துக் கேட்பதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை, தம்பி.

இனி கிராம சபைக்கு. காட்பாடி தம்பி, சேர்ப்புக்கு ஆதரவா எதிர்ப்பா என்று கை தூக்குவதோடு நிறுத்திவிடாதீர்கள்.

முதலில் ஊராட்சி அலுவலகத்தில் ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் தானப் பத்திரத்தைக் கேளுங்கள். அனுமதி பெற்ற மனைப்பிரிவில் ரோடுகளை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேல், ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேல், இருந்தால் ரோடு போக மீதியில் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளியாகவும் எழுதிக் கொடுக்க வேண்டும். சிலர் நிலத்தைத் துண்டு துண்டாக்கி இந்த அளவுக்குக் கீழே அனுமதி வாங்கியிருப்பார்கள். அதையும் பாருங்கள்.

உங்கள் சுவர் விஷயத்தில் இந்தப் பத்திரம்தான் உயிர். இரண்டு பக்க ரோடும் எல்லை வரை தானமாகியிருந்தால், சுவர் நிற்பது பொது ரோட்டில். அப்போது ஊராட்சியே நோட்டீஸ் கொடுத்து எடுக்கலாம். மாநகராட்சி வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் கவனமாக அளந்து பாருங்கள். ரோடு முடிகிற இடத்தில் ஓர் அடி அகல நிலத்தை மனை போட்டவர் தன் பெயரிலேயே வைத்துக்கொள்வது உண்டு. பக்கத்து நிலத்துக்காரர் அந்த வழியைப் பயன்படுத்தாமல் தடுக்கத்தான் அது. வரைபடத்தில் கண்ணுக்கே தெரியாது, பத்திரத்தின் நான்கெல்லையில்தான் பிடிபடும். அப்படி இருந்தால் அனுமதி வரைபடத்தோடு ஒப்பிட்டு டிடிசிபி மாவட்ட அலுவலகத்துக்கு ஊராட்சி எழுத வேண்டும்.

மனைகள் 2016-க்கு முன்னால் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்றவையாக இருந்தால் கதை வேறு. அந்த வருடம் செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. 2017-ல் அப்படிப்பட்ட மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு அங்கீகரிக்க வரன்முறை விதிகள் வந்தன. உங்கள் ஊரில் எத்தனை மனை அப்படி வரன்முறை ஆனது, அதற்குக் கட்டிய கட்டணம் எங்கே போனது என்று கேட்கலாம்.

கால்வாய்க்கு, தெரு முனையிலிருந்து கீழே இருக்கிற ஓடை வரை எந்தெந்த சர்வே எண் என்று பாருங்கள். கிராம வரைபடத்தை வாங்குங்கள். எஃப்எம்பியையும் அ-பதிவேட்டையும் அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். புறம்போக்கு வழி இருந்தால் தாசில்தாருக்கு மனு கொடுத்து அளந்து கல் நடச் சொல்லுங்கள். 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தில் ஆக்கிரமிப்பை அகற்ற வழி இருக்கிறது. புறம்போக்கு வழி இல்லாமல் பட்டா நிலம்தான் குறுக்கே இருக்கிறது என்றால், அந்த நிலத்துக்காரரிடம் போய் உட்கார்ந்து பேசி, கால்வாய் அகலத்துக்கு மட்டும் விலை கொடுத்து வாங்க ஊராட்சியைத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் போங்கள். அவரை முதல் ஆளாகக் கிராம சபைக்குக் கூப்பிடுங்கள்.

தீர்மானத்தில் இதை எழுதச் சொல்லுங்கள்: சேர்ப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும், நம் ஊருக்கும் பக்கத்து ஊர்களுக்கும் சேர்த்து விரிவான வளர்ச்சித் திட்டம் வரைய வேண்டும், வரைவதற்கு முன் ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை எல்லாவற்றையும் அளந்து கல் நட வேண்டும். மாஸ்டர் பிளான் வரைவு எப்போது வந்தாலும் ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் சட்டப்படி தர வேண்டும். அந்த இரண்டு மாதத்துக்குள் உங்கள் ஊரின் வரைபடம் தயாராகக் கையில் இருந்தால்தான் பேச முடியும். ஏதோ ஒரு நாளிதழில் அறிவிப்பு வந்து யாரும் பார்க்காமலே நாள் தாண்டிப் போன ஊர்கள் உண்டு. சேர்ப்பு எண்ணத்தை அரசு வெளியிட்டாலும் ஆட்சேபம் கேட்பார்கள். அதிலும் நூறு நாள் வேலைக் குடும்பங்களின் பட்டியலையும், மலர் அம்மா சொன்னதையும் சேர்த்துக் கொடுங்கள்.

தெரு முனையிலிருந்து ஓடை வரைக்கும் உள்ள சர்வே எண்களை மட்டும் இங்கே எழுதுங்கள், ஊர் பெயர் வேண்டாம். எந்தெந்த எஃப்எம்பி தாள் வேண்டும், உட்பிரிவு எங்கே பார்க்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.

________

காட்பாடி வடக்கு எழுதியது:

ஐயா, நன்றி. நாளைக்கே ஊராட்சிச் செயலரிடம் தானப் பத்திர நகல் கேட்டு மனு கொடுக்கிறேன். அந்த நிலத்துக்காரர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போகிறேன். அம்மாவுக்கு அவர்கள் குடும்பத்தைப் பழக்கம். சர்வே எண்கள் கிராம வரைபடம் கிடைத்ததும் இங்கேயே போடுகிறேன்.